குறையின் இருப்பிடம்

ஒரு பொருளில் குறை உள்ளது என்று சொல்லும்போது அந்தக் குறை அப்பொருளின் ஏதோ ஓர் உறுப்பில் தங்கியிருக்கிறதா, உறுப்புகள் கூடிய முழுமையில் தங்கியிருக்கிறதா, அல்லது எதிலும் தங்காமல் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் முறையில் மட்டும் தோன்றுகிறதா என்பது தத்துவத்தில் எளிய வினா அன்று. உறுப்புகளுக்கு வேறாக ‘அவயவி’ என்னும் முழுப்பொருள் உண்மையாகவே உண்டு என்று நையாயிகர், அதாவது நியாய மரபைச் சேர்ந்த தருக்க நூலார், நிலைநாட்டினர். பல கூடிய கூட்டத்துக்கு உலகோர் இட்டு வழங்கும் பெயரே முழுமை என்று பௌத்தர் மறுத்தனர். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் அறவண அடிகள் கச்சி மாநகரில் பௌத்த அறத்தை விளக்கும் பகுதியில், உடம்பு, நாடு முதலிய சொற்களைத் ‘தொகை’ என்னும் வழக்கின்கீழ் வைப்பது இந்த மறுப்பின் தமிழ் வடிவம். இந்த வழக்கு பழம் ஏடுகளோடு முடிந்துவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. பல கடைகளில் பல கம்பெனிகளின் உறுப்புகளை வாங்கி ஒருவர் தம் கையாலேயே பூட்டும் கணினி, இயக்கிய முதல் நாளிலேயே எதிர்பார்த்தபடி ஓடாமல் போகும்போது, அதே வழக்கு முழு வலிமையோடு திரும்பி வருகிறது.

நாகர்கோவிலுக்கு வடக்கே, பழையாற்றை ஒட்டி, தாடகை மலையைப் பார்த்தபடி அமைந்த பூதப்பாண்டி போன்ற ஓர் ஊரில் கேமிங் கணினி என்பது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கான சேமிப்பின் பயன். கிராஃபிக்ஸ் கார்டு சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ இணையக் கடையிலிருந்தோ வரும்; கேபினட்டும் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியும் நாகர்கோவிலில் கிடைக்கும். பிராசசரையும் மதர்போர்டையும் தெரிந்தவர் யாராவது ஊருக்கு வரும்போது எடுத்து வருவார். எல்லாவற்றையும் பூட்டி, வீட்டார் பார்த்திருக்க, கேமைத் தொடங்கினால், வினாடிக்கு 120 ஃபிரேம் வரும் என்று கேள்விப்பட்டிருந்த இடத்தில் 45 வருகிறது. ஃபிரேம் என்பது திரையில் தீட்டப்படும் ஒரு நிலைப்படம். வினாடிக்கு எத்தனை நிலைப்படங்கள் தீட்டப்படுகின்றன என்பதைப் பொறுத்தே அசைவு கண்ணுக்கு ஒழுகலாகவோ தட்டுத் தடுமாறியோ தெரிகிறது. உறுப்புகள் ஒவ்வொன்றும் புதியவை, தனித்தனியே நல்லவை; கூடிய பிறகு வந்த பயன் மட்டும் குறைவுடையது. இந்த இடத்தில் எழும் ‘எது கெட்டது?’ என்னும் கேள்வி ஏதோ ஒன்று கெட்டிருந்தே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு எழுகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

அறிவைப் பெறும் வழிகளைத் தமிழ் நூல்கள் ‘அளவை’ என்றன. மெய்கண்டாரின் மாணவரான அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் கூறிய அளவைகளை எல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. காண்டல் நேரில் அறிவது, கருதல் அடையாளத்தைக் கொண்டு ஊகித்து அறிவது, உரை நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது. மணிமேகலையோ இன்னும் ஒரு படி சென்று, வஞ்சி மாநகரில் அளவைவாதி பேசும் இடத்தில், அளவை போலத் தோன்றி அளவையாகாத எட்டையும் பெயரிட்டு விளக்குகிறது. அறிவு எப்படித் தவறும் என்பதற்கு இத்தனை நுட்பமான பட்டியல் ஒன்று காப்பியத்துக்குள் அமைந்திருப்பதைத் தமிழர் போதிய அளவு போற்றியதில்லை என்றே சொல்ல வேண்டும். பூட்டிய கணினி ஒன்றின் குறையை ஆராய்பவருக்கு அந்த எட்டில் பெரும்பாலானவை இன்றும் நேரடியாகப் பயன்படுகின்றன.

எட்டில் முதலாவது சுட்டுணர்வு, அதாவது ஒரு பொருள் உண்டு என்னும் அளவில் நின்று அதன் பெயர், சாதி, குணம், செயல் ஆகியவற்றை அறியாமல் விடும் அறிவு. ‘கேம் மெதுவாக ஓடுகிறது’ என்பது சுட்டுணர்வு. அந்த ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு நிகழ்ச்சிகள் அடங்கியிருக்கக் கூடும்: ஃபிரேம்களின் சராசரி குறைவாக இருத்தல், சராசரி நன்றாக இருந்தும் இடையிடையே தட்டுதல், பொத்தானை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையே தாமதம் ஏற்படுதல், புதிய களம் திறக்கும்போது நெடுநேரம் காத்திருக்க நேர்தல். நான்குக்கும் காரணங்கள் வேறு. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் கேமைப் பழைய சுழல்தட்டு ஹார்டு டிஸ்க்கில் பதிந்துவைத்ததால் நேர்வது. அதற்குக் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினால் எந்தப் பயனும் விளையாது. இரண்டாவது வகை மேலும் ஏமாற்றுவது. வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி கிடைக்கிறது. 144 என்றால் ஏறத்தாழ 6.9 மில்லிவினாடி. ஒரு வினாடியில் வந்த 90 ஃபிரேம்களில் பெரும்பாலானவை 10 மில்லிவினாடிக்குள் வந்து, இரண்டு மட்டும் 60 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால், சராசரி 90 என்றே கணக்கில் நிற்கும், கண்ணோ அந்த இரண்டையும் தப்பாமல் பிடித்துவிடும். ஆகவே சராசரியோடு கூட, மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்களின் வேகத்தையும் தனியே அளந்து பார்ப்பது இத்துறையின் வழக்கமாயிற்று. குறை எங்கே என்று கேட்பதற்கு முன் குறை எத்தகையது என்று கேட்க வேண்டும் என்பதையே சுட்டுணர்வு பற்றிய எச்சரிக்கை கற்பிக்கிறது.

அடுத்தது திரியக்கோடல்: ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல், நூல் தரும் எடுத்துக்காட்டின்படி இப்பியை வெள்ளி என்று கொள்ளுதல். இதற்கு மேசைக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கேபினட்டின் பின்பக்கத்தில் மேற்பகுதியில் யு.எஸ்.பி. துளைகள், ஒலிக்கான வட்டத் துளைகள் ஆகியவற்றின் நடுவே ஒரு எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும், அது மதர்போர்டைச் சேர்ந்தது. ஒரு சாண் கீழே, கிடைமட்டமாக அமைந்த உலோகத் தகட்டில், மூன்று நான்கு துளைகள் வரிசையாக இருக்கும்; அவை கிராஃபிக்ஸ் கார்டைச் சேர்ந்தவை. மானிட்டரின் கேபிளை மேல் துளையில் செருகினாலும் படம் தெளிவாகவே வரும், கணினி நன்றாகவே திறக்கும், எந்த எச்சரிக்கையும் எழாது; ஆனால் கேமைத் தீட்டுவது பெரும்பாலும் பிராசசருக்குள் அடங்கிய சிறு வரைகலைப் பகுதியாகவே இருக்கும், பெரும் பணம் கொடுத்து வாங்கிய கார்டு வேலையின்றி உறங்கும். பிராசசரில் அந்தச் சிறு பகுதி இல்லாத வகையை வாங்கியவருக்குத் திரை இருண்டே நிற்பதால் பிழை உடனே வெளிப்பட்டுவிடுகிறது. வசதி கூடுதலாக உள்ளவரே இங்கு நெடுநாள் மயங்குகிறார். இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை, அதாவது வினாடிக்கு 144 முறை தன் படத்தைப் புதுப்பிக்க வல்ல திரையை வாங்கிவிட்டு, விண்டோஸ் அமைப்பில் அதை 60 என்றே விட்டுவிட்டால், கணினி 140 ஃபிரேம் தீட்டினாலும் கண்ணுக்கு 60 மட்டுமே எட்டும். முன்னதில் கணினியின் ஆற்றல் பயன்படவில்லை, பின்னதில் பயன்பட்டும் காட்டப்படவில்லை. இரண்டிலும் எந்த உறுப்பும் கெடவில்லை.

கண்டுணராமை என்பது கண்ணில் பட்டும் கருத்தில் படாமை. எதிரே புலி வருவதைக் கண்டும் இன்னதென உணராதிருத்தல் அதற்கு எடுத்துக்காட்டு. திரையின் மூலையில் பிராசசரின் வெப்பம் 98 பாகை என்று எழுதியிருக்க, அதைப் பார்த்துக்கொண்டே கார்டைப் பழிப்பவர் இவ்வகையினர். பிராசசரின் மேல் அமரும் கூலரின் அடிப்பகுதி கண்ணாடி போல் துடைத்த செம்பு அல்லது அலுமினியத் தகடு. கீறல் விழாதிருக்க அதன்மேல் மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி அனுப்புவார்கள், பூட்டுமுன் உரித்துவிட வேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். உரிக்காமல் பூட்டினால் வெப்பத்தைக் கடத்த வேண்டிய உலோகத்துக்கும் பிராசசருக்கும் இடையே அந்தத் தாள் நிற்கிறது. கேம் தொடங்கிச் சிறிது நேரம் எல்லாம் சரியாக ஓடும். பின் வெப்பம் ஏறி, 95 முதல் 100 பாகையை நெருங்கும்போது, பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் நன்றாக இருந்து சில நிமிடங்களில் தளரும் கணினி என்னும் இந்தக் குறியே வெப்பத்தைச் சுட்டும் தெளிவான குறி. தாளின் தடிப்போ ஒரு தலைமுடி அளவுதான்.

சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பகுக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகையும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இந்தப் பகுப்பு உலகின் தோற்றத்துக்கு இறைவனே நிமித்த காரணம் என்று நிறுவுவதற்காக எழுந்தது. எனினும் இதன் பயன் அந்த ஒரு முடிவோடு நிற்பதில்லை. புதிய கணினியின் குறையை ஆராய்பவர் இயல்பாக முதற்காரணத்தையே, அதாவது உறுப்புகளையே, சந்தேகிக்கிறார். அதற்கு அடுத்தபடி பூட்டியவரைக் குறை சொல்கிறார். உண்மையில் புதிதாகப் பூட்டிய கணினியில் ஏற்படும் குறைகளில் மிகப் பல துணைக்காரணத்தைச் சேர்ந்தவை: ஒரு தாள், ஒரு கேபிள், பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்புத் திரையில் மாற்றாமல் விட்ட ஒரு தேர்வு. குயவனும் நல்லவன், மண்ணும் நல்லது, திரிகை மட்டும் தடைப்படுகிறது.

ரேம் எனப்படும் நினைவகம் இதில் தனியாகப் பேசத் தக்கது, ஏனெனில் சித்தாந்தத்தின் சற்காரியவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான இக்கால எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இல்லாதது தோன்றாது, காரியம் தன் காரணத்துக்குள் சத்தி வடிவில் முன்னமே உள்ளது, துணைக்காரணம் கூடும்போதே அது வெளிப்படுகிறது என்பதே சற்காரியவாதம். 6000 என்று அச்சிட்ட டி.டி.ஆர்.5 ரேமை வாங்கிப் பூட்டினால், அது பெரும்பாலும் 4800 என்னும் பொது வேகத்தில்தான் ஓடத் தொடங்கும். 3200 என்று அச்சிட்ட டி.டி.ஆர்.4 ரேம் பல கணினிகளில் 2133இல் தொடங்கும். அச்சிட்ட வேகம் ரேமுக்குள்ளேயே ஒரு குறிப்பாகப் பதிந்திருக்கிறது, பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்னும் தேர்வை இயக்கினால்தான் அது வெளிப்படும். அவ்வாறே, இரண்டு ரேம்களை அடுத்தடுத்த துளைகளில் செருகினால் பொதுவாக ஒரே தடத்தில் நெருக்கிச் செல்லும் தரவு, நான்கு துளை உள்ள மதர்போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகினால் இரு தடங்களில் பிரிந்து செல்லும். எனினும் சற்காரியவாதி இங்கே அவசரப்படக் கூடாது. அச்சிட்ட 6000 எல்லாப் பிராசசரோடும் எல்லா மதர்போர்டோடும் வெளிப்பட்டே தீரும் என்ற உறுதி இல்லை. ரேமில் உள்ள சத்தி பிராசசரின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியையும் சார்ந்தது. ஒன்றில் உள்ள ஆற்றல் மற்றொன்றின் இசைவால் மட்டுமே வெளிப்படுமானால் அதை முழுவதும் முதலதன் ஆற்றல் என்று சொல்வது எவ்வளவு சரி என்று அறவண அடிகளின் பக்கம் நின்று கேட்கவும் இடம் உண்டு. இக்கட்டுரையின் சாய்வு இந்த இடத்தில் பௌத்தர் பக்கமே.

காண்டல் செம்மையான பிறகே கருதலுக்கு இடம். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது போல, ஓர் ஏதுவைக் கொண்டு காணாத காரணத்தை அறிவது கருதல். ஏது போலத் தோன்றி ஏதுவாகாதவற்றை மணிமேகலை ஏதுப்போலி என்று அழைத்து, அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்று மூன்றாகப் பிரித்து, உள்வகைகளாகப் பதினான்கைக் காட்டுகிறது. இவற்றுள் அநைகாந்திகம் என்பது, சாதிக்க வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் அது இல்லாத இடத்திலும் ஏது காணப்படுவதால் முடிவுக்கு உதவாமல் போவது. ‘ஃபிரேம் குறைவு, ஆகவே கார்டு வலுவற்றது’ என்பது அநைகாந்திகத்தின் தூய வடிவம், ஏனெனில் ஃபிரேம் குறைவு வலுவற்ற கார்டோடும் காணப்படும், வெப்பமேறிய பிராசசரோடும் காணப்படும், ஒற்றை ரேமோடும் காணப்படும். இதை ஆராயாமல் கார்டை விற்று வேறு கார்டு வாங்குவதே, முன் சொன்ன எட்டில் ஒன்றான தேராது தெளிதல். செம்மையான ஏது வேண்டுமானால் கார்டு எவ்வளவு உழைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கேம் ஓடும்போது கார்டின் உழைப்பு 97 அல்லது 99 விழுக்காடு என்று நின்றால் எல்லை கார்டில் இருக்கிறது. 55 விழுக்காட்டில் நின்று ஃபிரேமும் குறைவாக இருந்தால் கார்டு யாருக்காகவோ காத்திருக்கிறது. யாருக்காக என்பதும் உடனே முடிவாவதில்லை: பிராசசருக்காக இருக்கலாம், ரேமுக்காக இருக்கலாம், அல்லது ஃபிரேம் 60ஐத் தாண்ட வேண்டாம் என்று கேமின் அமைப்பிலேயே ஒரு வரம்பு இடப்பட்டிருக்கலாம். நல்ல ஏதுவும் விலக்க வேண்டியவற்றை விலக்கிய பிறகே நல்ல ஏதுவாகிறது.

விலக்கும் முறையைத் தருக்க நூலார் அன்னுவயம், வெதிரேகம் என்றனர்; இது இருந்தால் அதுவும் இருக்கும் என்பது அன்னுவயம், இது இல்லையானால் அதுவும் இராது என்பது வெதிரேகம். நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு மலைத்தொடரைக் கடந்தால் வரும் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த மாதவச் சிவஞான முனிவர், 18ஆம் நூற்றாண்டில் தருக்க சங்கிரகம் என்னும் தருக்க நூலைத் தமிழில் தந்து, இச்சொற்களைத் தமிழ் மாணவர் கையில் வைத்தார். கணினியில் இதைச் செய்து பார்ப்பது மிக எளிது. கேமில் எதையும் மாற்றாமல், திரையில் தீட்டப்படும் புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் குறைத்தால், கார்டின் சுமை குறைகிறது, பிராசசரின் சுமை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. அப்போது ஃபிரேம் ஏறினால் கார்டே எல்லையாக இருந்தது என்பது தெளிவு. ஏறாமல் நின்றால் பிராசசர் பக்கம் தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே இதன் உயிர். டிரைவர் எனப்படும் இயக்கு மென்பொருளைப் புதுப்பித்து, ரேம் வேகத்தையும் ஏற்றி, மின்சேமிப்புத் தேர்வையும் மாற்றிய பின் ஃபிரேம் ஏறினால் மகிழ்ச்சி கிடைக்கும். அறிவு கிடைக்காது, மீண்டும் குறை வரும்போது மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

பேச்சிப்பாறையில் நீர் நிறைந்திருக்கத் தோவாளை சானலின் கடைமடை வயல் காய்ந்து கிடப்பதை நாஞ்சில் நாட்டு உழவர் அறிவர். அணையும் குறையுடையதன்று, வயலும் குறையுடையதன்று. இடையில் ஏதோ ஒரு மடையில் செத்தை அடைத்திருக்கிறது, அல்லது சானலின் ஓர் இடம் தூர்ந்திருக்கிறது. சானல் முழுவதும் எவ்வளவு அகலமாக இருந்தாலும் மிகக் குறுகிய அந்த ஓரிடம் விடும் அளவுக்கே நீர் கீழே செல்லும். கணினியிலும் ஃபிரேம் ஒவ்வொன்றும் பிராசசர், ரேம், கார்டு, கேபிள், திரை என்று வரிசையாகக் கடந்து வருவதால், மிகக் குறுகிய இடமே முழுவதன் அளவைத் தீர்மானிக்கிறது. அந்த இடத்தைச் சரிசெய்தால் குறுகல் அடுத்த இடத்துக்கு நகருமே அன்றி ஒழியாது. ஏதோ ஓர் உறுப்பு எல்லையாக இருந்தே தீரும் என்பது இதன் விளைவு. எல்லையாக இருப்பதே குற்றம் என்று கருதினால் குற்றமற்ற கணினி உலகில் இராது.

சமய உணர்வுள்ள ஒரு வீட்டில் இதற்கிடையே வேறு விளக்கங்களும் எழும். நவராத்திரி தோறும் பத்மநாபபுரத்துச் சரசுவதி, வேளிமலை முருகனோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் நாடு இது. பூசையில் புத்தகத்தோடு கணினிக்கும் சந்தனமும் குங்குமமும் இடுவது இன்று பல வீடுகளில் இயல்பாகிவிட்டது. அத்தகைய வீட்டில் புதுப்பொருள் முதல் நாளே தளர்ந்தால், கண் பட்டுவிட்டது என்றோ, வாங்கிய நேரம் சரியில்லை என்றோ யாராவது சொல்வார்கள். சோழி பரப்பிப் பிரசன்னம் பார்க்கும் வழக்கமும் இப்பகுதிக்குப் புதியதன்று. இதை அறியாமை என்று தள்ளுவது எளிது, ஆனால் அது தத்துவத்துக்கு நேர்மை செய்வதாகாது, ஏனெனில் ஊழும் வினையும் காரணங்கள் என்பதைச் சைவமும் சமணமும் பௌத்தமும் ஏதோ ஒரு வகையில் ஏற்றுக்கொண்டவை. வினா வேறு: காணாத காரணத்துக்கு எப்போது போகலாம்? காணத்தக்க காரணம் கிடைக்கக் கூடிய இடத்தில் காணாத காரணத்தைக் கற்பிப்பது முறையன்று என்பது மீமாம்சையும் நியாயமும் ஒருங்கே ஒப்பிய நெறி. வினையை முழுமையாக நம்புபவருக்கும் வினை ஒரு கேபிளின் வழியாகவோ ஒரு தாளின் வழியாகவோ வந்தே பயன் தர வேண்டியிருப்பதால், கேபிளைப் பார்க்காமல் வினையைப் பேசுவது வினைக் கொள்கைக்கே மாறானது. பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ப. ஜீவானந்தம், பகத்சிங் தம் நாத்திகத்தை விளக்கி எழுதியதைத் தமிழாக்கியவர். காணும் காரணங்களோடு நிற்க வேண்டும் என்பவர். அதே ஊரில் பூதலிங்கசுவாமி கோயில் தேர் வடம் பிடிப்பவர் காணாத காரணத்தையும் ஏற்பவர். இருவரும் எவ்வளவு வேறுபட்டாலும் தேர் நகராவிட்டால் முதலில் சக்கரத்தின் அடியில் உள்ள முட்டுக்கட்டையைத்தான் பார்ப்பார்கள், நியாய நூல் கேட்பதும் அதைத்தான்.

இதன் மறுபக்கத்தில் மற்றொரு தவறு உண்டு. அது படித்தவர்கள் செய்வது. மணிமேகலை எடுத்துரைக்கும் பன்னிரு சார்புகளில் நுகர்விலிருந்து வேட்கையும் வேட்கையிலிருந்து பற்றும் பிறக்கின்றன. ஆகவே ஏமாற்றத்தின் வேர் எதிர்பார்ப்பே, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் 45 ஃபிரேமும் போதும் என்று ஒருவர் உபதேசிக்கலாம். அந்த உபதேசம் வரும் இடம் தவறு. கேபிள் தவறான துளையில் இருக்கும்போது ஆசையைக் குறைக்கச் சொல்வது, துன்பத்தின் காரணத்தை ஆராயும்படி கேட்ட ஒரு பெரிய மரபை ஆராயாமையின் காவலாக்குகிறது. சேமித்த பணத்துக்கு ஈடான பயனை ஒருவர் எதிர்பார்ப்பது பேராசை அன்று, அது நியாயம்.

ஆயினும் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகும் எதிர்பார்த்தது வராமல் போவது உண்டு. அப்போது எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். எட்டுப் போலிகளில் ‘நினைப்பு’ என்பது, காரணம் ஒன்றும் நிகழாமல், பிறர் சொன்னதால் மட்டும் கொள்வது. ‘இல்வழக்கு’ என்பது முயற்கொம்பு போல இல்லாத ஒன்றை உள்ளதாகக் கொள்வது. 120 ஃபிரேம் என்னும் எண் பெரும்பாலும் ஒரு காணொளியிலிருந்து வந்தது. அதில் சோதித்தவர் அதே கார்டை மிக வலிய பிராசசரோடு சேர்த்து, குளிரூட்டிய அறையில், கேமின் ஒரு குறிப்பிட்ட காட்சியில் அளந்திருப்பார். கார்டின் தகுதியை மட்டும் அறிய அதுவே சரியான முறை, அவர் பொய் சொல்லவில்லை. கேட்டவர்தான் ‘அந்தக் கார்டு’ என்பதை ‘அந்தக் கணினி’ என்று எடுத்துக்கொண்டார். திரையின் நுண்மையும் இப்படியே மறக்கப்படுகிறது: 1920க்கு 1080 என்னும் திரையில் 20,73,600 புள்ளிகள், 4கே எனப்படும் 3840க்கு 2160 திரையில் 82,94,400 புள்ளிகள், அதாவது சரியாக நான்கு மடங்கு. முன்னதற்கென்று செய்த கார்டிடம் பின்னதில் அதே எண்ணைக் கேட்பது முயற்கொம்பு கேட்பதே. இந்நிலையில் ஆராய்ச்சி வந்து சேரும் முடிவு, கணினியில் குறை எதுவும் இல்லை என்பது; ஒரு குற்றவாளியைத் தேடிப் புறப்பட்டவருக்கு ஏற்றுக்கொள்ள மிகக் கடினமான முடிவும் இதுவே.

உரை என்னும் அளவைக்கு, சொல்பவர் உண்மை அறிந்தவராகவும் ஏமாற்றும் நோக்கம் அற்றவராகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தயாரிப்பாளர் அட்டைப் பெட்டியில் அச்சிடுவது இந்த நிபந்தனையை எப்போதும் நிறைவு செய்வதில்லை. 2014இல் என்விடியா வெளியிட்ட ஜி.டி.எக்ஸ். 970 என்னும் கார்டு 4 ஜி.பி. நினைவகம் உடையது என்று விற்கப்பட்டது. நினைவகம் முழுவதும் இருந்தது உண்மை, ஆனால் அதில் 3.5 ஜி.பி. ஒரு வேகத்திலும் எஞ்சிய அரை ஜி.பி. அதைவிட மிகக் குறைந்த வேகத்திலும் இயங்கும்படி அமைந்திருந்தது. கார்டின் உள்ளமைப்புப் பற்றி முதலில் வெளியிட்ட சில விவரங்களும் தவறு என்று 2015 தொடக்கத்தில் அந்நிறுவனமே விளக்க நேர்ந்தது. அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 2016இல் கார்டுக்கு 30 டாலர் என்னும் உடன்பாட்டில் முடிந்தது. உரை அளவை இங்கே பொய்யாயிற்று என்று சொல்வதைவிட, எண் உண்மையாகவும் பொருள் பொய்யாகவும் இருந்தது என்பதே சரியான விவரிப்பு.

இதைவிட ஆழமான ஒரு நிகழ்ச்சி அண்மையில் நடந்தது. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைப் பிராசசர்களைக் கொண்ட கணினிகள் பலவற்றில் சில கேம்கள் திடீரென நின்றுபோயின. நிற்கும்போது அவை காட்டிய செய்தி கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்பது. செய்தியைப் படித்தவர் கார்டையும் அதன் டிரைவரையும் சந்தேகித்தது முற்றிலும் இயல்பு. கேமை ஆக்கியவர்களைப் பழித்தவர்களும் உண்டு. உண்மையில் தவறியது பிராசசர். சுருக்கி வைத்த தரவை விரிக்கும்போது அது செய்த பிழை, வேறோர் இடத்தில், வேறோர் உறுப்பின் பெயரால் வெளிப்பட்டது. புகை எழுந்த வீடு ஒன்று, நெருப்பு இருந்த வீடு மற்றொன்று. பிராசசர் தனக்குத் தேவைப்பட்டதைவிட மிகுந்த மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றுக் காலப்போக்கில் நலிவடைந்தது என்று இன்டெல் 2024இல் அறிவித்து, அவ்வாண்டு ஆகஸ்டில் மைக்ரோகோடு எனப்படும் உள்நிலை மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. அந்தத் திருத்தம் மேலும் நலிவு நேராமல் தடுக்குமே தவிர, முன்னமே நலிந்த பிராசசரை மீட்காது.

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாக்கும்: குவிந்து கிடப்பது, இப்போது நுகர்வுக்கு வந்தது, இனி ஏறப்போவது. ஞானம் பெற்றவருக்கு ஆகாமியம் ஏறாது, ஆனால் நுகர்வுக்கு வந்துவிட்ட பிராரத்தம் உடல் உள்ளவரை நுகர்ந்தே தீரும் என்பது அதன் துணிபு. திருத்தம் பெற்றும் தடுமாறும் பிராசசரைப் பார்க்கும்போது இந்தப் பகுப்பு நினைவுக்கு வருவது தற்செயல் அன்று. காலத்தில் ஊறிய குறை ஒன்றை, அதன் காரணத்தை நீக்கியதால் மட்டும் நீக்கிவிட முடியாது என்னும் உண்மையே இரண்டிலும் பேசப்படுகிறது. முன்பு கூறியபடி, குறை உறுப்புகளின் உறவில் தோன்றுகிறது என்று கொண்டால், உறவைச் சரிசெய்தவுடன் குறை மறைய வேண்டும். தாளை உரித்ததும் வெப்பம் இறங்குவது போல. நலிந்த பிராசசரோ அந்தக் கொள்கைக்கு ஒரு வரம்பு இடுகிறது. உறவில் பிறந்த குறை நாளடைவில் உறுப்புக்குள் குடியேறவும் கூடும். அதன்பின் குறை அந்த உறுப்பிலேயே தங்கியிருக்கிறது என்பதே சரி.

ஆனால் வினைக் கொள்கையோடு இந்த ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. வினை செய்தவரே அதன் பயனை நுகர்வார் என்பது வினைக் கொள்கையின் உயிர்நிலை. இங்கே மின்னழுத்தத்தைத் தவறாக வகுத்தவர் ஒருவர், மாதக்கணக்கில் கார்டைக் கழற்றிப் பூட்டியும் விண்டோஸைத் திரும்பத் திரும்ப நிறுவியும் அலைந்தவர் மற்றொருவர். இந்த இடைவெளியை ஊழின் கணக்கில் எழுதினால் ஆக்கியவரின் பொறுப்பு காணாமல் போய்விடும். பாதிக்கப்பட்ட பிராசசர்களுக்கான உத்தரவாதக் காலத்தை இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டி ஐந்தாக்கியது. அதன்படி, நலிந்த பிராசசரை ஒப்படைத்து வேறொன்று கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவதற்கு அவர் கையில் இருக்க வேண்டியவை வாங்கிய ரசீதும், எதை மாற்றியபோது எது நேர்ந்தது என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்த குறிப்பும்.